ஊரே வெளிய வந்துருச்சு, நான் மட்டும் இன்னும் உள்ளயே இருக்கேன்

வணக்கம் மேடம்,

பேரு மட்டும் போட்றாதீங்க. இங்க தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க கொஞ்சம் பேருதான்னாலும் எப்படியாவது எங்க மாமியார் காதுக்குப் போயிரும். எனக்கு 34 வயசு, மாயவரம் பக்கம் ஊரு, கட்டிக்குடுத்தது மொரிஷியஸ்ல, இப்ப ரோஸ் ஹில்ல இருக்கோம். அவரு இங்கயே பொறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். ஆனா வீட்டுல பேசுறது கிரியோல்தான், சாமி ரூம்ல மட்டும் தமிழ் வரும், காவடி எடுப்பாங்க, பாட்டு பாடுவாங்க, மத்தபடி மனசு விட்டு நாலு வார்த்தை தமிழ்ல பேசணும்னா எனக்கு வாட்ஸ்அப்ப விட்டா கதி இல்ல. மொத மொத வந்தப்ப ரூபா நோட்டுல தமிழ்ல எழுதியிருக்கறதப் பாத்து போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், அவரு அத தெருவுக்கே காட்டினாரு. நீங்களும் இங்கயே இருக்கறதால இதெல்லாம் சொன்னா புரியும்னு எழுதுறேன்.

விஷயத்துக்கு வர்றேன். இந்த வருஷம் வைகாசில அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர்ல பண்றதா இருந்தோம். போன வருஷமே ஆரம்பிச்ச பிளான் மேடம், ஐயர்கிட்ட பேசி, ரூம் புக் பண்ணி, தம்பி சென்னைலேர்ந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டான். நான் இங்கேர்ந்து டிக்கெட் போட்டு, பையனுக்கு வேட்டி சட்டை எடுத்து, சொந்தக்காரங்களுக்குக் குடுக்க வெனிலா டீ பாக்கெட்டா வாங்கி அடுக்கி, அம்மாவுக்கு கைப்பை, அப்பாவுக்கு ஸ்வெட்டர், மாயவரத்துல ஸ்வெட்டர் எதுக்குன்னு கேக்காதீங்க, ஆசைக்கு வாங்கினேன். 2020 மார்ச் 19, கொரோனான்னு இங்க பார்டர மூடிட்டாங்க, அடுத்த வாரமே இந்தியாவும் ஃப்ளைட்ட நிறுத்திருச்சு. சரி மே மாசத்துக்குள்ள திறந்துரும்னு நெனச்சேன், அப்புறம் ஜூன், அப்புறம் ஜூலை. இப்ப செப்டம்பர் முடியப்போகுது, அந்த சூட்கேஸ் இன்னும் கட்டிலுக்கு அடியிலயே கெடக்கு.

கோயில் மூடிட்டாங்க, தம்பிக்கு இ-பாஸ் ரிஜெக்ட் ஆயிட்டே இருந்துச்சு, அதனால அவனாலயும் போக முடியல. கடைசில வீட்டுக்கூடத்துலயே அம்மா அப்பா, பக்கத்து வீட்டு மாமா மாமி, ஒரே ஒரு ஐயர், அவ்ளோதான். போன குங்குமச் சிமிழ்ல சாச்சு வச்சிருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சது அப்பாவோட ஒரு பக்கத்துத் தோளும் மேல சுத்துற ஃபேனும்தான். தாலி கட்டுற நேரத்துல படம் அப்படியே நின்னு போச்சு, திரும்ப வந்தப்ப அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டு பாத்திரத்த எடுத்து வச்சிட்டு இருந்தாங்க. "அதான் வீடியோல பாத்தியே, உனக்கென்ன கொற"ன்னு வீட்டுக்காரரு சொல்றாரு. "எழுபதுல பீமரத சாந்தி பண்ணிக்கலாம்டி, அப்ப எல்லாரும் வருவோம்"னு அத்தை சொல்றாங்க. அப்பாவுக்கு சுகர் இருக்கு மேடம். எழுபதப் பத்தி எவ்ளோ ஈசியா பேசுறாங்க.

இதுல எனக்கே புரியாத விஷயம் என்னன்னா, லாக்டவுன்ல நான் நல்லாத்தான் இருந்தேன். இங்க எவ்ளோ ஸ்ட்ரிக்டுன்னு உங்களுக்கே தெரியும், மொதல்ல சூப்பர் மார்க்கெட்டையே மூடிட்டாங்க, அப்புறம் சர்நேம் எழுத்துப்படி விட்டாங்க, எங்களுக்கு வி, அதனால புதனும் சனியும், அதுவும் வீட்டுக்கு ஒருத்தர், அரை மணி நேரத்துல எடுத்துட்டு வெளிய வந்துரணும். அவரு லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு பரிட்சைக்குப் போற மாதிரி போவாரு. சாயங்காலம் எல்லாரும் உக்காந்து டாமினோ ஆடுவோம், மாமியார் கள்ளாட்டம் ஆடுவாங்க, பையன் சண்டை போடுவான். அங்க அம்மா அப்பாவும் உள்ள, இங்க நாங்களும் உள்ள. சரிசமமா இருந்துச்சு.

மே கடைசில இங்க கன்ஃபைன்மென்ட் முடிஞ்சுது, ஜூன் 15க்கு அப்புறம் பீச்சு கோயிலு எல்லாம் திறந்தாச்சு, ஜூலைல பையனுக்கு ஸ்கூலும் ஆரம்பிச்சுருச்சு. மொத்தமே முன்னூத்திச் சொச்சம் கேஸ், 10 சாவோட இந்த ஊரு தப்பிச்சுருச்சு. எல்லாரும் ஜெயிச்ச மாதிரி சந்தோஷமா இருக்காங்க. ஞாயித்துக்கிழமையானா ஃப்ளிக் அன் ஃப்ளாக் பீச்சுல கால் வைக்க இடம் இல்ல, பிரியாணி அண்டா என்ன, பாட்டு என்ன. அங்க தமிழ்நாட்டுல தினம் அஞ்சாயிரத்துக்கு மேல. நான் சாயங்காலம் ஆனா ஹெல்த் டிபார்ட்மென்ட் புல்லட்டின் வந்துருச்சான்னு பாத்துக்கிட்டே இருப்பேன், நேரா எங்க நாகப்பட்டினம் மாவட்டம் வரிசைக்குப் போவேன், அப்புறம் சென்னை. கூடினா அம்மாவுக்குப் போன், கொறஞ்சாலும் போன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நியூஸ். காலைல எந்திரிக்க முடியல, பையன் ஏதாவது கேட்டா எரிஞ்சு விழுறேன்.

வெளிய எங்கயும் போகப் பிடிக்கல. மொதல்ல தலைவலின்னேன், அப்புறம் வயித்துவலின்னேன், இப்ப காரணம் கேக்கறதையே விட்டுட்டாங்க. ஆகஸ்ட்ல இவங்க ஒண்ணுவிட்ட தங்கச்சி கல்யாணம், ஏப்ரல்ல நடக்க வேண்டியது தள்ளிப்போய் நடந்துச்சு, நான் போகல. பொண்ணோட அப்பா அம்மா மேடைல நிக்கறத என்னால பாக்க முடியாதுன்னு தெரியும். பீச்சுல சிரிச்சிட்டு இருக்கும்போது ஊர்லேர்ந்து போன் வந்தா? அந்த ஒரு நெனப்புதான். நான் சிரிச்சா அங்க ஏதாவது ஆயிடும்னு ஒரு பயம், பைத்தியக்காரத்தனம்னு தெரியுது, ஆனா போக மாட்டேங்குது.

ஒரே ஒரு தடவ போனேன், இங்க கடல்ல வாகாஷியோங்கற கப்பல் உடைஞ்சு எண்ணெய் கொட்டினப்ப. அவரு ஆபீஸ் ஆளுங்கல்லாம் மஹேபூர் போனாங்க, ஆள் பத்தலன்னு என்னையும் இழுத்துட்டுப் போனாரு. எண்ணெய் பரவாம தடுக்க காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கரும்புச் சோகைய துணிக்குள்ள திணிச்சு திணிச்சு கட்டினோம், கையெல்லாம் கீறல், எண்ணெய் நாத்தம் கொடலப் பொரட்டுது. பக்கத்துல ஒரு கிரியோல் பாட்டி, அவங்க சொன்னதுல பாதி புரியல, கையப் பிடிச்சு முடிச்சு போடக் காட்டிக் குடுத்தாங்க. அன்னிக்கு மட்டும் நல்லா தூங்கினேன், அலுப்பா இருக்கும். மறுநாள்லேர்ந்து பழைய குருடி கதவத் திறடிதான்.

நவம்பர்ல நாத்தனாருக்குக் கல்யாணம். இதுக்கும் வரலன்னா அவ்ளோதான்னு அவரு சொல்லிட்டாரு. அக்டோபர் 1லேர்ந்து பார்டர் கொஞ்சம் திறக்கறாங்களாம், ஆனா வந்தா 14 நாள் ஹோட்டல்ல அடைஞ்சு கெடக்கணும், அதுக்கும் நம்மதான் காசு கட்டணும், வந்தே பாரத் ஸ்பெஷல் ஃப்ளைட்ல போனா திரும்பி எப்ப வர்றது, பையன யாரு பாத்துப்பாங்க. ஒண்ணும் புரியல. சில நாள் சமையல்கட்டுல நின்னுக்கிட்டு எதுக்குத்தான் இருக்கோம்னு தோணுது. நான் இப்படி இருக்கறது நார்மலா மேடம்? யாருக்கும் ஒண்ணும் ஆகல, எல்லாரும் உசுரோட இருக்காங்க, அப்புறமும் எனக்கு ஏன் எழவு வீட்டுக்காரி மாதிரி இருக்கு?

இப்படிக்கு,
ரோஸ் ஹில் வாசகி

ஆலோசகர் பதில்

வணக்கம்மா,

கடைசில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, எதுக்குத்தான் இருக்கோம்னு தோணுதுன்னு. மத்தது எல்லாத்துக்கும் முன்னாடி அதத்தான் கேக்கணும். அது "ச்சே, என்ன வாழ்க்கை"ங்கற அலுப்பா, இல்ல செத்துப்போயிடலாம்ங்கற நெனப்பா? இப்படி நேரா கேட்டா அந்த எண்ணத்த நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆயிடும்னு நெறைய பேர் பயப்படறாங்க, அப்படி ஆகறதில்ல, கேட்டா பாரம் கொறையத்தான் செய்யும். ரெண்டாவதுன்னா இந்த பதில படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர்கிட்ட அதே வார்த்தைல சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க, அவசரம்னா 114க்கு போட்டு சாமு ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. இங்க அரசு ஆஸ்பத்திரில இதுக்கும் காசு கெடையாது. "மனசு டாக்டர்கிட்ட போனா போ பசேன் மனநல ஆஸ்பத்திரிக்குப் போன ஆளும்பாங்க"ன்னு யோசிக்காதீங்க, சொல்றவங்க சொல்லிட்டுத்தான் இருப்பாங்க.

முதலாவதுதான்னா, மேல படிங்க.

எழவு வீட்டுக்காரி மாதிரி இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அது அப்படியேதான். ஒரு ஆள் போனா மட்டும் இல்ல, நடந்தே தீரும்னு நெனச்ச ஒண்ணு நடக்காமப் போனாலும் மனசு துக்கப்படும். ஆனா ஆள் போனா ஊரு வரும், பாய் போடும், சாப்பாடு கொண்டு வரும், பதினாறு நாளைக்கு உங்கள யாரும் சிரிக்கச் சொல்லாது. அறுபதாம் கல்யாணம் கேன்சல் ஆச்சுன்னா யார் வந்து துக்கம் கேப்பாங்க? ஊரு ஒத்துக்காத துக்கம்னு இதப்பத்தி கென்னத் டோகாங்கற அமெரிக்க ஆய்வாளர் 1989லயே எழுதியிருக்காரு. கேக்க ஆளில்லாத துக்கம் சீக்கிரம் ஆறாதுங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம். உங்க அத்தை எழுபதுல பண்ணலாம்னு சொன்னதும் உங்க வீட்டுக்காரர் வீடியோல பாத்தியேன்னு சொன்னதும் கெட்ட எண்ணத்துல இல்ல, ஆனா ரெண்டுமே "இதுல துக்கப்பட ஒண்ணும் இல்ல"ன்னு கதவ சாத்துற பேச்சு. உங்களுக்குக் கோவம் வந்ததுல ஒரு தப்பும் இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. வெளிநாட்டுல குடியிருக்கறவங்களுக்கு ஊருக்குப் போற தேதிதான் கேலண்டரே. நானும் வந்து குடியேறினவதான், எனக்குத் தெரியும். இன்னும் நாலு மாசம், இன்னும் மூணு மாசம்னு எண்ணிக்கிட்டுத்தான் மாமியார் சொன்ன சொல்லையும் புரியாத பாஷையையும் வீட்டு நெனப்பையும் தாண்டி வர்றோம். அந்தத் தேதிய எடுத்துட்டா வருஷத்துக்கு தலையும் இல்ல வாலும் இல்ல. நீங்க இழந்தது ஒரு விசேஷத்த மட்டும் இல்ல, இந்த ஊர்ல தாக்குப்புடிக்கறதுக்கு நீங்க வச்சிருந்த வழியையும் சேத்துத்தான்.

லாக்டவுன்ல நல்லா இருந்தேன், திறந்தப்புறம்தான் மோசம்னு எழுதியிருக்கீங்க. இத ஜூன்லேர்ந்து நெறைய பேர் சொல்லிக் கேட்டுட்டேன், அதுவும் ஊர்ல பெத்தவங்கள விட்டுட்டு இங்க இருக்கறவங்க. எல்லாரும் அடைஞ்சு கெடந்தப்ப உங்க கஷ்டத்துக்கு துணை இருந்துச்சு, புதன் சனின்னு வரிசைல நின்ன அத்தன பேரும் ஒரே நெலமைதான். அவங்க வெளிய போயிட்டாங்க, நீங்க போகல. ஏன் போகலங்கறதுக்கு பதில் உங்க லெட்டர்லயே இருக்கு, நான் சிரிச்சா அங்க ஏதாவது ஆயிடும். உங்க அம்மா அப்பா உள்ள இருக்கற வரைக்கும் நானும் உள்ளயே இருப்பேன்னு உங்களுக்கு நீங்களே ஒரு ஊரடங்கு போட்டுக்கிட்டீங்க. விரதம் இருக்கற மாதிரி. நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல, புருஷன் பயணம் போனா பூ வைக்காம இருந்த பாட்டிங்க வழில வந்தவங்கதானே நாம. பாசம்தான் அது, அதனால பைத்தியக்காரத்தனம்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த விரதத்தால மாயவரத்துல யாருக்கும் ஒரு பலனும் இல்ல, ரோஸ் ஹில்ல ஒரு பையன் தெனமும் திட்டு வாங்கறான்.

புல்லட்டின் பாக்கறதும் இதே கதைதான். நாகப்பட்டினம் கணக்கு கூடினாலும் போன் பண்றீங்க கொறஞ்சாலும் போன் பண்றீங்கன்னா அந்த நம்பர வச்சு நீங்க எதையும் முடிவு பண்ணலன்னுதானே அர்த்தம். பாத்த உடனே ஒரு நிமிஷம் நிம்மதி, அப்புறம் மறுபடி பதட்டம், அதுக்கு மறுபடி நியூஸ். பாக்கவே கூடாதுன்னு சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க, நானா இருந்தாலும் கேக்க மாட்டேன். அதனால அந்த வேலைய தம்பிகிட்ட விட்டுருங்க. அப்பா அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா எந்த நேரமா இருந்தாலும் எனக்கு உடனே கூப்பிடு, மறைக்காதன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்குங்க. நீங்க ராத்திரி நியூஸ் பாக்கறதுக்குப் பாதிக் காரணம் உங்ககிட்ட மறைச்சிருவாங்களோங்கற பயம்தான்னு எனக்குத் தோணுது, வெளிநாட்டுல இருக்கற பொண்ணுக்கு எதையும் சொல்லாம இருக்கறதுல நம்மாளுங்க கில்லாடிங்க. மறைக்க மாட்டாங்கங்கற நம்பிக்கை வந்துட்டா பத்து மணிக்கு போன ஹால்ல சார்ஜுல போட்டுட்டு ரிங்க மட்டும் சத்தமா வச்சிட்டுப் படுக்கலாம்.

இப்ப மஹேபூருக்கு வர்றேன். உங்க லெட்டர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான், நீங்க என்னடான்னா "அலுப்பா இருக்கும்"னு ஒரு வரில தள்ளிட்டீங்க. அலுப்பும்தான், இல்லன்னு சொல்லல, நாள் பூரா வெயில்ல உடம்பு வணங்கி வேலை செஞ்சா தூக்கம் வரத்தான் செய்யும். ஆனா யோசிச்சுப் பாருங்க, மாசக்கணக்கா ஆளுங்களப் பாத்தா ஓடி ஒளியுற நீங்க அன்னிக்கு முன்னப்பின்னத் தெரியாத கூட்டத்துக்கு நடுவுல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கீங்க. அங்க யாரும் உங்கள சந்தோஷமா இருக்கச் சொல்லல. எப்படி இருக்கேன்னு கேட்டு அதுக்கு கிரியோல்ல பதில் தேட வைக்கல. கடல்ல எண்ணெய் கொட்டிக் கெடக்கு, எல்லார் மூஞ்சியும் வாடித்தான் இருந்திருக்கும், உங்க மூஞ்சிக்கு அங்க இடம் இருந்துச்சு. பாட்டி சொன்னதுல பாதி புரியாட்டியும் முடிச்சு மட்டும் சரியா விழுந்துச்சு பாருங்க. உங்களுக்கு ஆள் வேணாம்ங்கறது இல்ல. சும்மா உக்காந்து சிரிச்சுப் பேசணும்ங்கற கூட்டம்தான் இப்ப வேணாம், கூட உக்காந்து ஒரு வேலைய செய்யற கூட்டம் வேணும். இது ரெண்டும் வேற வேற.

மனசு சரியானப்புறம் வெளிய போலாம்னு காத்திருந்தீங்கன்னா காத்துக்கிட்டேதான் இருப்பீங்க. இந்த மாதிரி சோர்வுல செயல் முன்னாடி போகும், மனசு பின்னாடி இழுத்துக்கிட்டு வரும், நாங்க வைத்தியத்துல பாக்கறதும் அதுதான். அதனால பீச்ச விடுங்க, ஃப்ளிக் அன் ஃப்ளாக் எங்கயும் ஓடிப்போகாது. இது புரட்டாசி, உங்க வீட்டுல கோவிந்தன் விரதம் இருப்பாங்கன்னு நெனைக்கிறேன், இங்க அத விடற தமிழ்க் குடும்பம் கம்மி. சனிக்கிழமை பூசைக்கு ஏழு கறி, பாயசம், அப்பளம்னு சமையல்கட்டே அல்லோலகல்லோலப்படும். நீங்க ரூமுக்குள்ள இல்லாம அங்க போய் ஒரு பலகையப் போட்டு உக்காந்து பூசணிக்காய நறுக்குங்க. பேச வேண்டாம். மாமியார் ஏதாவது கேட்டா தலையாட்டுங்க, டாமினோல கள்ளாட்டம் ஆடற மனுஷி, கெட்டவங்களா இருக்க வாய்ப்பில்ல. ஒரு மணி நேரம் ஆனதும் எந்திரிச்சுப் போகணும்னு தோணுச்சுன்னா போயிருங்க. மனசு லேசாச்சான்னு அப்பவே சோதிச்சுப் பாக்காதீங்க. ராத்திரி தூக்கம் எப்படி வந்துச்சுன்னு மட்டும் பாருங்க.

அம்மா அப்பாகிட்ட போன் பேசறதும் இதே மாதிரிதான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெளிய போகாதீங்க, மாஸ்க் போடுங்க, இதுக்கு மேல என்ன பேசுறீங்க? விசாரணை மாதிரி ஆயிருச்சு, அவங்களும் "நல்லா இருக்கோம்மா"ன்னு ஒரே பதில சொல்லிச் சொல்லி அலுத்திருப்பாங்க. பையன் ஸ்கூல்ல தமிழ் எடுத்திருக்கானா? இங்க அரசு பிரைமரி ஸ்கூல்ல தமிழ் ஒரு பாடமா இருக்கு, அவன் எடுத்திருந்தா அந்த ஹோம்வொர்க்க இனிமே தாத்தாகிட்ட விட்டுருங்க. எடுக்கலன்னாலும் சும்மா அ ஆ எழுதட்டும். இங்க சாயங்காலம் அஞ்சு மணின்னா அங்க ஆறரை, நீங்க புல்லட்டின் தேடற அதே நேரம்தான். தாத்தா அந்தப் பக்கம் திட்டட்டும், இவன் இந்தப் பக்கம் கிரியோல்ல முணுமுணுக்கட்டும், போன குங்குமச் சிமிழ்ல சாய்க்காம நல்லா ஒரு ஸ்டாண்டு வாங்கி வைக்கச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து துணி மடிங்க, அங்க அம்மா முருங்கைக்கீரை ஆய்ஞ்சிட்டு இருப்பாங்க. யாரும் யாரையும் நல்லா இருக்கியான்னு கேக்காம அரை மணி நேரம் போகட்டும். ரூபா நோட்டுத் தமிழ தெருவுக்கே காட்டின மனுஷன், பேரன் எழுதின 'அ'வ சும்மாவா விடுவாரு.

அந்த சூட்கேஸ வெளிய எடுங்க. அத அப்படியே வச்சிருக்கறது நம்பிக்கை மாதிரி தெரியும், ஆனா தெனமும் கட்டில்ல ஏறிப் படுக்கும்போது நடக்காமப் போனது கீழ கெடக்குன்னு மனசுக்குத் தெரியும்ல. வேட்டி சட்டைய பையனுக்கு வர்ற சனிக்கிழமை பூசைக்குக் கட்டி விடுங்க, அடுத்த வைகாசிக்குள்ள எப்படியும் பத்தாமப் போயிரும். டீயப் பிரிச்சுக் குடிங்க, வாசனை போறதுக்கு முன்னாடி. ஸ்வெட்டர மட்டும் வச்சுக்கங்க, அது ஆசைக்கு வாங்கினதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. பிரிக்கும்போது அழுகை வரும். வரட்டும், வீட்டுல யாராவது இருக்கற நேரத்துல பிரிங்க, ஒளிஞ்சு அழ வேண்டாம்.

உங்க வீட்டுக்காரரப் பத்தி. அவர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, உங்கள மஹேபூருக்கு இழுத்துட்டுப் போனதே அவருதான். ஆனா தலைவலி, வயித்துவலின்னு காரணம் சொன்னீங்களே தவிர உள்ளத அவர்கிட்ட சொன்ன மாதிரி உங்க லெட்டர்ல எங்கயும் இல்ல. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் "இவளுக்கு எங்க குடும்பத்தப் பிடிக்கல"ங்கறதுதான், அதான் அவ்ளோதான்னு பேசுறாரு. மேடைல பொண்ணோட அப்பா அம்மாவப் பாத்தா எனக்கு என் அப்பா தாலி கட்டினத பாக்க முடியலங்கறது ஞாபகம் வருது, அதனாலதான் வரல, உன் தங்கச்சி மேல எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. எந்த பாஷைல வருதோ அதுல. அவர் உடனே பார்டர் திறந்துரும், டிக்கெட் போட்டுரலாம்னு ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பாரு, ஆம்பளைங்களுக்கு அந்த வியாதி உண்டு, வழி ஒண்ணும் வேண்டாம், கேட்டுக்கிட்டா போதும்னு முன்கூட்டியே சொல்லிருங்க.

நாத்தனார் கல்யாணத்துக்குப் போங்க. இதுல நான் ரெண்டு பக்கமும் பேசப் போறதில்ல. ஆகஸ்ட் கல்யாணத்துக்குப் போகாததுக்கே நீங்க இப்ப வரைக்கும் மனசுக்குள்ள பதில் சொல்லிட்டு இருக்கீங்க, சொந்த நாத்தனார் கல்யாணத்துக்குப் போகலன்னா அத வருஷக்கணக்கா தூக்கிச் சுமக்கணும். ஆனா விருந்தாளி மாதிரி நல்ல புடவை கட்டி நாற்காலில உக்காராதீங்க, அதுதான் உங்களுக்கு விஷம். முன்னாடி நாளே மண்டபத்துக்குப் போயிருங்க, வாழை இலை தொடைக்கறது, பூ கட்டறது, ஏதாவது ஒரு வேலைய உங்க பேருக்கு வாங்கிக்குங்க. மாயவரத்துக்காரிக்கு பூ கட்டத் தெரியாமலா இருக்கும், இங்க அப்படி நெருக்கமா கட்டற கை கெடைக்கறது கஷ்டம். பெத்தவங்க மேடைல நிக்கற அந்த நேரத்துக்கு மட்டும் என்ன பண்ணப் போறீங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணி வைங்க, பந்தில எலை போடப் போயிரலாம், வெளிய நின்னு அம்மாவுக்குப் போன் போடலாம், இல்ல நின்னு பாத்து அழுதுட்டும் வரலாம், கல்யாண வீட்டுல அழுற பொம்பளைய யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. வீட்டுக்காரர்கிட்ட ஒரு சைகை பேசி வச்சுக்கங்க, நீங்க காட்டினா அவர் வந்து கார் சாவியக் குடுத்துரணும், ஏன்னு கேக்கக் கூடாது.

டிக்கெட் விஷயத்துல நான் சொல்ல ஒண்ணுதான் இருக்கு. இப்ப இருக்கற நெலமைல தேதி வச்சுக் காத்திருக்காதீங்க, ஜூன் ஜூலைன்னு ஏற்கெனவே அந்த ஏமாத்தத்தப் பாத்துட்டீங்க. தேதிக்குப் பதிலா எது எது நடந்தா போகலாம்னு அவரும் நீங்களும் உக்காந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க, திரும்பி வர ஃப்ளைட் உறுதியா இருக்கணும், ஹோட்டலுக்குக் காசு சேர்ந்திருக்கணும், பையனுக்கு லீவா இருக்கணும், இப்படி. அப்பாவுக்கு அவசரம்னா எந்தக் கண்டிஷனையும் பாக்காமப் போறதா, அப்ப பையன யார்கிட்ட விடறதுங்கறதையும் அதுலயே எழுதிருங்க. கஷ்டமான பேச்சுதான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு தனியா பேசிக்கறத விட பகல்ல ரெண்டு பேரா பேசறது மேல்.

இதெல்லாம் ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரம் ஆகியும் தூக்கம் சரியாகல, சாப்பாடு இறங்கல, நாள் பூரா இதே சோர்வு, பையன் மேல கை ஓங்கற அளவுக்குக் கோவம் வருதுன்னா டாக்டரப் பாக்கறதத் தள்ளிப் போடாதீங்க. சுகருக்கு மாத்திரை போடுங்கன்னு அப்பாவ விரட்டற பொண்ணு நீங்க, உங்களுக்குன்னா மட்டும் வெக்கப்படக் கூடாது.

இப்போதைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே மாமியார்கிட்ட நாளைக்கு என்ன காய் நறுக்கணும்னு கேட்டு வச்சிருங்க. காலைல கேக்கலாம்னு விட்டீங்கன்னா போர்வைய இழுத்து மூடிக்கத்தான் தோணும்.